பத்து வாரம் சுமந்த பிள்ளையும் பிள்ளைதான்

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சென்ற ஆண்டு பத்தாவது வாரத்தில் உங்கள் முதல் கரு கலைந்துவிட்டது. "உருவமே வராத கருதானே, அடுத்தது வரும்" என்று சுற்றியிருப்பவர்கள் தேற்றினார்கள். இப்போது மறுபடியும் கருவுற்று எட்டு வாரம் ஆகிறது. சந்தோஷப்படவே பயமாக இருக்கிறது என்கிறீர்கள். வேதத்தை நம்புகிற ஒரு கிறிஸ்தவத் தாய் அந்த முதல் கருவை என்னவென்று நினைத்துக்கொள்வது, இந்தக் கருவோடு எப்படி நாட்களைக் கடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பிரசவ வார்டில் 19 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். மூன்று பிள்ளைகளைச் சுமந்தேன், இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறேன். அதனால் இந்தக் கேள்விக்குத் தூரத்தில் நின்று பதில் சொல்ல எனக்கு வராது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இழந்தது ஒரு பிள்ளையை. அதற்காக அழுதது விசுவாசக் குறைவு அல்ல. "கருதானே" என்ற அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதே இல்லை. ஏனென்றால் வேதம் அதே சொல்லை எவ்வளவு நெருக்கமாகப் பேசுகிறது என்று பாருங்கள். சங்கீதம் 139இல் "என் கருவை உம்முடைய கண்கள் கண்டது" என்று இருக்கிறது. அங்கே எபிரெயத்தில் உள்ள சொல் 'கோலெம்'. இன்னும் உருவம் திரளாத ஒன்று என்று பொருள். பழைய ஏற்பாடு முழுவதிலும் அந்தச் சொல் அந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. கையும் காலும் முகமும் வந்த பிறகு கர்த்தர் பார்த்தார் என்று சங்கீதக்காரன் சொல்லவில்லை. அவயவங்களில் ஒன்றாகிலும் இல்லாதபோதே பார்த்தார் என்கிறான். "உருவமே வராதது" என்று உங்களிடம் சொன்னார்களே, அந்த நிலையைப் பற்றித்தான் அந்த வசனம்.

அவன் பாடிய காலத்தில் கருப்பைக்குள் எட்டிப் பார்க்க மனிதனுக்கு வழியே கிடையாது. கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவர் இயான் டொனால்டும் அவருடன் பணியாற்றியவர்களும் வயிற்றுக்குள்ளிருக்கும் குழந்தையை ஒலி அலைகளால் படமாக்கி, அந்த ஆய்வை வெளியிட்டது 1958இல்தான். அதுவரை மனித குலம் முழுவதும் இருட்டுக்குள் வளர்ந்து, இருட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது. "ஒளிப்பிடத்திலே உண்டாக்கப்பட்டு" என்ற வரியைச் சிறுமியாக இருந்தபோது 'ஒளி உள்ள இடம்' என்று புரிந்துகொண்டிருந்தேன். அது ஒளிந்திருக்கும் இடம் என்று பிறகு தெரிந்தது. யாருக்கும் தெரியாத இடத்தில் ஒருவர் என்னைத் தெரிந்துவைத்திருந்தார் என்பதுதான் அந்தப் பாட்டு.

இதை வைத்து வேதத்தைக் கருவியல் பாடநூலாக்கிவிடக் கூடாது. அப்படிச் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனதுக்கு ஒப்பவில்லை. யோபு தன்னைப் பால்போல் ஊற்றித் தயிர்போல் உறையப்பண்ணினதாகக் கர்த்தரிடம் சொல்கிறான். அது அறிவியல் விளக்கம் இல்லை, வியப்பில் வந்த பேச்சு. கர்ப்பவதியின் வயிற்றில் எலும்புகள் உருவாகும் விதத்தை நீ அறியாய் என்று பிரசங்கி நேராகவே சொல்லிவிடுகிறான். எனக்கு அந்த அடக்கம் பிடித்திருக்கிறது.

அறிவியல் சொல்வதைத் தனியாகச் சொல்கிறேன். கரு உருவான ஏறத்தாழ 22ஆம் நாளில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மருத்துவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து வாரங்களை எண்ணுவதால், அவர்கள் கணக்கில் இரண்டு வாரம் கூடுதலாக வரும். நாள் தள்ளிப்போய் ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். "அலைச்சலாக இருக்கும்" என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு குழாய் மடங்கி, சுருங்கி விரியத் தொடங்கிவிடுகிறது. 28ஆம் நாளுக்குள் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக்குழாய் மூடிக்கொள்கிறது. என் முதல் பிள்ளையின்போது நான் இரவுப் பணியில் இருந்தேன். களைப்பு என்று நினைத்து இரண்டு வாரம் பரிசோதனையே செய்யவில்லை. பிறகு நாட்களைக் கூட்டிப் பார்த்தபோது, இதயம் துடிக்க ஆரம்பித்த அன்று நான் வேறு யாருக்கோ பிரசவம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியாமல் எனக்குள் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. "உன்னைத் தாயின் வயிற்றில் உருவாக்குமுன்னே உன்னை அறிந்தேன்" என்று எரேமியாவுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை அன்று எனக்கு உரைத்ததுபோல் அதற்கு முன் உரைத்ததில்லை. அது தீர்க்கதரிசி ஒருவனுடைய அழைப்பைப் பற்றிய வசனம்தான், அதை மறக்கவில்லை. ஆனாலும் தாயே அறியும்முன் அறிகிற ஒருவர் இருக்கிறார் என்பது அதில் இருக்கிறது.

எந்த நாளிலிருந்து அது குழந்தை என்று கேட்டிருந்தீர்கள். விசுவாசிகள் எல்லாரும் எல்லாக் காலத்திலும் ஒரே பதிலைச் சொன்னதில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு, உருவம் பெற்ற கரு, பெறாத கரு என்று பிரித்துப் பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலின் வழியில், மனித ஆத்துமா கருவுக்குச் சற்றுப் பிந்தியே வருகிறது என்று கருதினார். ஆனால் கருவை அழிப்பதை அவரும் பாவம் என்றே எண்ணினார். ஆதித் திருச்சபையின் 'திதாகே' என்ற போதனை நூல் கருவைச் சிதைப்பதை வெளிப்படையாகத் தடுத்தது. ஆத்துமா எந்த மணித்துளியில் வருகிறது என்பதில் மாறுபட்டவர்கள்கூட, உள்ளே இருப்பது நம்முடைய உடைமை அல்ல என்பதில் மாறுபடவில்லை.

எனக்கு இந்த விவாதத்தைவிட லூக்கா எழுதிய முதல் அதிகாரம் போதுமானதாக இருக்கிறது. யோவான் ஸ்நானகனைச் சுமக்கிற எலிசபெத்துக்கு ஆறாம் மாதம். இயேசுவைக் கருவுறுவாய் என்று தூதன் சொல்லக் கேட்ட மரியாள், அவளைப் பார்க்க மலைநாட்டுக்கு விரைந்து போகிறாள். அவளுடைய வாழ்த்துதலைக் கேட்டவுடன் எலிசபெத்தின் வயிற்றிலிருந்த பிள்ளை துள்ளுகிறது. அங்கே லூக்கா பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'பிரேபோஸ்'. அடுத்த அதிகாரத்தில் துணிகளில் சுற்றி முன்னணையில் கிடத்தப்பட்ட பாலகனுக்கும் அதே சொல்தான். உள்ளே இருப்பதற்கு ஒரு சொல், வெளியே வந்ததற்கு ஒரு சொல் என்று அவர் பிரிக்கவில்லை.

இதைப் பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காட்சியில் எலிசபெத்தைவிட மரியாளின் வயிற்றைக் கவனியுங்கள். தூதன் வந்துபோன பிறகு அவள் தாமதிக்காமல் கிளம்புகிறாள். எலிசபெத்தின் வீட்டு வாசலில் நிற்கும்போது அவளுக்குச் சில நாட்களோ சில வாரங்களோதான் ஆகியிருக்க முடியும். வயிறு தெரிந்திருக்காது, அசைவு தெரிந்திருக்காது. ஆனால் எலிசபெத் அவளை "என் ஆண்டவருடைய தாயார்" என்கிறாள். 'தாயாகப் போகிறவள்' என்று சொல்லவில்லை. சகோதரி, உங்கள் பத்து வாரங்களை இந்த வார்த்தையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் பத்து வாரமும் நீங்கள் தாயாகத்தான் இருந்தீர்கள். அதை யாரும் உங்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

இனி என்னுடையதைச் சொல்கிறேன். மூத்த மகளுக்கு மூன்று வயதாகியிருந்தபோது மறுபடி கருவுற்றேன். பதினோராவது வாரத்தில் ஸ்கேனுக்குப் போனேன். அது முடிந்ததும் வயிற்றில் தடவிய ஜெல்லைத் துடைத்துக்கொள்ள டிஷ்யூவை நம் கையில் கொடுப்பார்கள். நானே எத்தனையோ பேரிடம் அப்படிக் கொடுத்திருக்கிறேன். அன்று அந்த மருத்துவர் கொடுக்கவில்லை. அவரே மெதுவாகத் துடைத்துவிட்டார், ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏறக்குறைய ஒன்பதாவது வாரத்தில் இதயம் நின்றிருக்க வேண்டும் என்றார். ஆக, கடைசி இரண்டு வாரம் நான் ஜெபித்ததெல்லாம் ஏற்கெனவே போய்விட்ட ஒரு பிள்ளைக்காக.

அந்த நினைப்புதான் என்னை மிகவும் வாட்டியது. பல மாதம் சங்கீதம் 139ஐத் திறக்கவே மனம் வரவில்லை. விசித்திர விநோதமாய் உருவாக்கினவர் ஏன் பாதியில் கையை எடுத்தார் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சபையில் ஒரு பெரியவர் "கர்த்தருடைய சித்தம், ஏற்றுக்கொள்ளம்மா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த வாரத்தில் அந்த வார்த்தை கல்லாக விழுந்தது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே சரியான காரியம் அதுதான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

ஒரு நாள் இரவுப் பணி முடிந்து வந்து, வேறு எதையோ தேடி வேதத்தைப் புரட்டியபோது அந்தப் பக்கமே திறந்தது. "அவைகள் உருவேற்படும் நாட்களும் உமது புஸ்தகத்தில் எழுதியிருந்தது" என்ற வரியில் கண் நின்றது. நாட்கள் என்று இருக்கிறது. எத்தனை நாட்கள் என்று இல்லை. எழுதப்படுவதற்கு இத்தனை நாளாவது வாழ்ந்திருக்க வேண்டும் என்ற கணக்கு அங்கே எதுவும் இல்லை. என் பிள்ளையின் சில வாரங்களும் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. அன்றுதான் நான் முழுமையாக அழுதேன். ஏன் என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டபடியே ஜெபிக்க முடிகிறது.

உங்கள் மனதில் குற்றவுணர்வு இருக்கிறது என்பது கேள்வியிலேயே தெரிகிறது. பளு தூக்கினேன், மாடி ஏறினேன், ஒரு நாள் கோபத்தில் "இப்போது இது வேண்டாமே" என்று நினைத்துவிட்டேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். செவிலியராகவே சொல்கிறேன், அவற்றால் அது நடக்கவில்லை. தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இப்படி முடிகின்றன. ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம்களின் எண்ணிக்கையிலோ அமைப்பிலோ கருவுற்ற வேளையிலேயே ஏற்பட்ட மாறுதலால் நிற்கின்றன. உங்கள் நினைப்புக்கு அவ்வளவு பலம் கிடையாது. விசுவாசியாகவும் சொல்கிறேன். பிறவியிலேயே பார்வையற்ற மனிதனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். தாவீதின் பிள்ளை இறந்த அத்தியாயத்தைக் கொண்டுவந்து உங்கள் மேல் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். அது ஒரு ராஜாவின் குறிப்பிட்ட பாவத்தைப் பற்றிய கதை. அதிலிருந்து உங்களுக்கென்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: "நான் அதினிடத்துக்குப் போவேன்" என்று அவன் நம்பியதை.

பின்னாளில் படித்த ஒரு செய்தியும் எனக்கு ஆறுதல் தந்தது. கருவிலிருக்கும் குழந்தையின் செல்கள் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. 1996இல் வெளியான ஒரு ஆய்வில், மகனைப் பெற்று 27 ஆண்டுகள் ஆன பிறகும் ஒரு தாயின் ரத்தத்தில் ஆண் செல்கள் கண்டறியப்பட்டன. கருச்சிதைவு ஆன பெண்களின் உடலிலும் இப்படிப்பட்ட செல்கள் காணப்பட்டிருக்கின்றன. என் விசுவாசம் இதன்மேல் நிற்கவில்லை. ஆனால் "ஒன்றுமே மிஞ்சவில்லை" என்று நினைத்திருந்த எனக்கு, அது உண்மையல்ல என்று தெரிந்தது.

கருவைப் பற்றிப் பேசும்போது தாயை மறந்துவிடும் பேச்சு ஒன்று உண்டு. அதோடு எனக்கு உடன்பாடில்லை. எபிரெயத்தில் கருப்பைக்கு 'ரெகெம்' என்று பெயர். கர்த்தருடைய இரக்கத்தைக் குறிக்கும் 'ரகமீம்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வருகிறது. கர்ப்பத்தின் பிள்ளையைத் தாய் மறப்பாளோ, அவள் மறந்தாலும் நான் மறப்பதில்லை என்று ஏசாயாவில் சொல்கிறவர் தம் இரக்கத்தைச் சுமக்கிறவளோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறார். சுமக்கிறவளை நசுக்கிவிட்டுச் சுமக்கப்படுவதை மட்டும் போற்றுவது அந்த இரக்கத்துக்குப் பொருந்தாது. கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கிவிட்டால் அது பிழைக்க வழியில்லை. சிகிச்சை செய்யாவிட்டால் தாயின் உயிருக்கும் ஆபத்து. அப்போது சிகிச்சை பெறுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். 1962இல் மகளைப் பெற்றெடுத்துச் சில நாட்களில் இறந்து, 2004இல் கத்தோலிக்கத் திருச்சபையால் புனிதராக அறிவிக்கப்பட்ட ஜியன்னா பெரெட்டா மொல்லாவின் கதையை நான் மதிக்கிறேன். அவரும் ஒரு மருத்துவர். கர்ப்பத்தில் கட்டி வந்தபோது அவர் சிகிச்சையை மறுக்கவில்லை. கட்டியை மட்டும் நீக்கும் அறுவை சிகிச்சையை ஏற்றார், கருப்பையை எடுப்பதைத்தான் மறுத்தார். அது அவர் தாமாக மனமுவந்து கொடுத்தது. அதை இன்னொரு பெண்ணின் தலைமேல் கடமையாக ஏற்றிவைக்க நமக்கு உரிமையில்லை.

கருவைக் கலைத்துவிட்டு, வருடங்கள் கழித்து அடுத்த பிரசவத்தின்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லி அழுத பெண்கள் உண்டு. கருவிலிருப்பது உயிர் என்று நம்புகிறவள் நான். அவர்களிடமும் அது உயிர் இல்லை என்று நான் சொன்னதில்லை. அப்படிப் பொய் சொல்லி ஆற்ற வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. மன்னிப்பு அவர்களுக்கும் உண்டு என்று சொல்லியிருக்கிறேன். கூடவே உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போதிருக்கும் இந்த எட்டு வாரத்துக்கு வருவோம். பயத்தோடு இருப்பது பாவமல்ல. யாரிடமும் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் சொல்லாதீர்கள். எலிசபெத்தே ஐந்து மாதம் வெளிப்படாதிருந்தாள் என்று லூக்கா எழுதுகிறார். ஃபோலிக் அமில மாத்திரையை மருத்துவர் சொன்னபடி எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் பரிந்துரைக்கிறார்கள், சிலருக்குக் கூடுதலாகத் தேவைப்படும். ரத்தக்கசிவோ ஒரு பக்கமாகக் கடுமையான வலியோ வந்தால் ஜெபித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம், ஜெபித்தபடியே மருத்துவமனைக்குப் போங்கள். எகிப்தின் மன்னனான பார்வோனின் கட்டளையை மீறி எபிரெயக் குழந்தைகளைக் காப்பாற்றிய சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகளின் பெயர்களை யாத்திராகமம் குறித்துவைத்திருக்கிறது. பார்வோன் என்பது பட்டம்தான், அந்த மன்னனின் சொந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. பிரசவம் பார்க்கிற கைகளைக் கர்த்தர் அவ்வளவு கனப்படுத்துகிறார், அந்தக் கைகளை நம்பலாம்.

முதல் அசைவு, முதல் முறையாகச் சுமக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் 18 முதல் 20 வாரங்களில் தெரியும். எனக்கு அது, மூடிய உள்ளங்கைக்குள் ஒரு பூச்சி இறகை அசைத்ததுபோல் இருந்தது. வாயுவோ என்று ஒரு நாள் முழுக்கச் சந்தேகப்பட்டேன். ஆறாம் மாதத்தை ஒட்டிக் குழந்தை ஒலிகளுக்கு அசைந்து பதில் தர ஆரம்பிக்கிறது. எலிசபெத்தின் பிள்ளை வாழ்த்துதலைக் கேட்டதும் ஆறாம் மாதத்தில்தான் என்பதை ஒரு நிரூபணமாகச் சொல்லவில்லை. ஆனால் நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது. பிறந்த குழந்தை தன் தாயின் குரலை மற்றக் குரல்களிலிருந்து பிரித்தறிகிறது என்று 1980இலேயே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். அதனால் அந்த மாதம் வந்ததும் ஜெபத்தைக் கொஞ்சம் சத்தமாகவே செய்யுங்கள். கடைசி மூன்று மாதத்தில் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் மறுநாள் வரை பொறுக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.

தமிழில் இதையெல்லாம் நமக்கு முன்பே ஒருவர் மாதம் மாதமாகச் சொல்லியிருக்கிறார். மாணிக்கவாசகர் போற்றித் திருஅகவலில், கரு ஒவ்வொரு மாதமும் எந்த ஆபத்திலிருந்தெல்லாம் பிழைத்து வந்தது என்று வரிசையாகப் பாடுகிறார். பத்தாம் மாதத்துக்கு வரும்போது அவர் வைத்த சொல் "தாயொடு தான்படும்" என்பது. தாய் படும் துயரக் கடலை உள்ளே இருப்பதும் சேர்ந்தே படுகிறது. அவர் வணங்கிய தெய்வத்தின் பெயர் வேறு, என் விசுவாசம் வேறு. ஆனால் வலி எடுத்துக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெண்களின் பக்கத்தில் நிற்கும்போது அந்த இரண்டு சொற்கள் எனக்கு ஞாபகம் வரும். "நீங்கள் தனியாகப் படவில்லை, உள்ளேயும் ஒரு ஆள் உங்களோடு சேர்ந்து முயல்கிறது" என்று அவர்களிடம் சொல்வேன்.

உங்கள் அடுத்த ஸ்கேன் எந்த நாள் என்று எழுதுங்கள். அறைக்குள் போகும்போது கால் நடுங்கினால் நடுங்கட்டும், எனக்கும் மூன்றாவது முறை அப்படித்தான் நடுங்கியது. அன்று காலை உங்களுக்காகவும் உள்ளே இருக்கிற உங்கள் இரண்டாவது பிள்ளைக்காகவும் ஜெபிப்பேன்.